முகூர்த்த ஜாக்கெட்

தாயி, ஒங்கிட்ட ஊக்கு இருக்குமா? செயின்ல கோத்துருக்கியே, அதுல பெருசா ஒண்ணு குடு. தந்துருவேன். எங்கிட்டும் போக மாட்டேன், இந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலதான் மூணு நாளா உக்காந்துருக்கேன், நீயும் பாத்துக்கிட்டுத்தான இருக்க.

இரு இரு, குடுக்குறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிறேன். நீ எந்த ஊரு? சாத்தூரா? சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பஸ்ஸுல கொஞ்ச நேரந்தான. கோவில்பட்டியில ஒனக்குச் சொந்தபந்தம் யாரும் உண்டா? செண்பகவல்லின்னு ஒரு பொம்பள, வீட்டுக்காரரு ரயில்வேயில ரிட்டயர் ஆனவரு, தெரியுமா? தெரியாதா? நெசமாத் தெரியாதா? சரி, மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவ மாதிரி இல்ல. ஊக்கக் குடு.

இங்க பாரு. கையக் குடு. இந்த ஜாக்கெட்டுல கக்கத்துக்குக் கீழ பக்கத்துத் தையல் போகுதுல்ல, அதத் தடவிப் பாரு. கெட்டியாத் தட்டுப்படுதா? அந்தப் பக்கமும் அதே மாதிரிதான். மேல பட்டு, உள்ள லைனிங் துணி, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ வச்சு மூடித் தச்சிருக்காக. தகடா இருக்குமோ, மந்திரிச்ச துணியா இருக்குமோ, தெரியல. அதத்தான் பிரிச்சுப் பாக்கப் போறேன். எம் மருமக கேண்டீனுக்குப் போயிருக்கா, அவ வர்றதுக்குள்ள பாத்துரணும்.

ஒனக்கு உள்ள யாரு, வீட்டுக்காரரா? நெஞ்சுவலியா? ஆமா, பீடி சிகரெட்டு குடிச்சா வரத்தான செய்யும். குடிக்க மாட்டாரா? ஒனக்குத் தெரியாமக் குடிச்சிருப்பாரு. சரி விடு, சரியாப் போயிரும்.

எனக்கு உள்ள பேத்தி. எம் மகன் தனுஷ்கோடி மக. கௌசிகான்னு பேரு. இருபத்தி மூணு வயசு, அருப்புக்கோட்டையிலேயே ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குறா. வர்ற வைகாசி பதினாலு கல்யாணம். மாப்பிள்ளை ஓசூருல வேல பாக்குறாரு. அந்தச் செண்பகவல்லிதான் மாப்பிள்ளைக்கு அம்மா. இப்ப எம் பேத்தி நெஞ்சுல ஒயர ஒட்டி, கையில ஊசியக் குத்தி, உள்ள படுக்கப் போட்டுருக்காக. நெஞ்சு தாறுமாறாத் துடிக்குதாம்.

டாக்டரு வந்து சொல்றாரு, "ரத்தத்துல உப்பு கொறஞ்சு போச்சு பாட்டி"ன்னு. எங்க வீட்டுக் கொழம்பு சாப்புட்டு ஒருத்தருக்கு உப்பு கொறையுமா? எம் மருமக இந்திராணி கையில தாராளம்னா அது உப்பு ஒண்ணுதான். அதையே சொன்னேன். அவரு சிரிக்கல. "அந்த உப்பு இல்ல பாட்டி, பொட்டாசியம். புள்ள ஒழுங்காச் சாப்பிட்டே ஏழு வாரம் இருக்கும். அதுக்கு மேல பேதி மாத்திர வேற. பதினஞ்சு கிலோ எறங்கிருக்கு. இன்னும் அரை மணி நேரம் தாமதமா வந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்லிருக்க முடியாது"ங்குறாரு. டாக்டருக எல்லாம் அப்படித்தான் சொல்லுவாக. அப்பத்தான நம்ம கையெழுத்துப் போடுவோம்.

இப்ப துடிப்பு கொஞ்சம் அடங்கிருக்காம். இன்னும் ரெண்டு நாளு போனாத்தான் சொல்ல முடியுமாம்.

நாலு மணிக்கு ஒருத்தர உள்ள விடுவாக, ஒனக்குத்தான் தெரியுமே. மொத நாளு எம் மகன் போனான். நேத்து இந்திராணி போனா. இன்னைக்கு மொறைப்படி நான் போகணும். ஆனா இவ என்ன சொல்றா தெரியுமா? "அத்தே, கௌசி ஒங்களப் பாக்க வேணாங்குறா"ங்குறா. அது சொல்லுமா? இவ காலையில ஸ்கூலுக்கு டீச்சர் வேலைக்கிப் போனா சாயந்திரம் வருவா. பொறந்ததுல இருந்து பல்லு வெளக்கி, சடை பின்னி, சோறு ஊட்டுனது நானு. என்னப் பாக்க வேணாம்னு அந்தப் புள்ள வாயி சொல்லுமா? இவளாக் கட்டி விட்டது. இல்ல, மயக்கத்துல இருக்கையில இவ சொல்லிக் குடுத்துருப்பா.

நூலு ரொம்ப நைஸா இருக்கு தாயி, ஊக்குல சிக்க மாட்டேங்குது. கண்ணாடிய எங்க வச்சேன்? மடியிலேயே கெடக்கு பாரு.

தையில பொண்ணு பாக்க வந்தாக. பத்துப் பேரு வந்தாக, அதுல எட்டுப் பேரு பஜ்ஜியப் பாத்தாக. இந்தச் செண்பகவல்லி மட்டும் எம் பேத்தியப் பாத்தா. பக்கத்துல உக்கார வச்சு, முதுகுல இப்படிக் கைய வச்சு, தோள்பட்டையில இருந்து இடுப்பு வரைக்கும் தடவிக் குடுத்தா. தடவிக் குடுத்துட்டு, "புள்ள நல்லா இருக்கு"ன்னா. நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம், நீயே சொல்லு. குண்டா இருக்குன்னு அர்த்தம். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. எங்க கௌசி கொஞ்சம் பூசுன ஒடம்பு. எங்க அவுக வழி, எம் மகனும் அப்படித்தான். அது ஒண்ணும் நோயி இல்ல. ஆனா கல்யாணம்னு வந்தா நாலு பேரு கண்ணுக்குத் தெரியுமா இல்லையா?

என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொன்னாகன்னு நெனைக்கிற? என் கத இதுக்கு நேர் எதிரு. பதினெட்டு வயசுல நான் வெறும் குச்சி. காத்தடிச்சா எங்காத்தா சேலையப் புடிச்சுக்குவா. மாப்பிள்ளை வீட்டுல வர்றன்னைக்கு எங்காத்தா என்ன பண்ணுனா, உள்ள ரெண்டு பாவாடையக் கட்டி, அதுக்கு மேல எங்க அய்யாவோட துண்ட இடுப்புல சுத்தி, அதுக்கு மேல சேலையக் கட்டி விட்டா. நல்லா மொழுமொழுன்னு இருந்தேன். எங்க மாமியா பாத்துட்டு, "வேலவெட்டி நல்லாப் பாக்கும்"னு சொல்லித் தட்டு மாத்திட்டாக. கல்யாணத்துக்கு மறுநாளு கெணத்தடியில குளிக்கயில நாத்தனா பாத்துட்டு ஓடிப் போயிச் சொல்லிட்டா. எங்க மாமியா சாகுற வரைக்கும் என்னைய "துண்டு"ன்னுதான் கூப்புட்டா. "ஏ துண்டு, சோத்த வடி." "ஏ துண்டு, மாட்ட அவுத்துக் கட்டு." முப்பத்தியோரு வருசம். அந்த அவமானம் எம் பேத்திக்கு வரக் கூடாதுன்னுதான நான் அம்புட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சேன்.

என்ன செஞ்சேனா? சொல்றேன். நீ மட்டும் வச்சுக்க.

எங்க பக்கம் முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுல எடுப்பாக. ஜாக்கெட்டும் அவுகளே தச்சு அனுப்புவாக. அதுக்கு நம்ம ஒரு அளவு ஜாக்கெட் குடுக்கணும். மாசி மாசம் ஒரு நாளு மாப்பிள்ளையோட சித்தப்பா வந்து, "அளவு ஜாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாக"ன்னு நிக்கிறாரு. இந்திராணி ஸ்கூலுக்குப் போயிட்டா, கௌசி வேலைக்கிப் போயிட்டா. நான் பீரோவத் தொறந்தேன். இப்பப் போடுற ஜாக்கெட்டு மேலதான் இருந்துச்சு. நாப்பது சைஸு. அத எடுத்து விரிச்சுப் பாத்தேன் தாயி. தலகாணி உறை மாதிரி இருந்துச்சு. இதக் கொண்டு போயி அந்தப் பொம்பள கோவில்பட்டியில நாலு பேருக்கு விரிச்சுக் காட்டுவாளா மாட்டாளா? அடியில கௌசி காலேஜு மொத வருசத்துல போட்டது ஒண்ணு கெடந்துச்சு. முப்பத்தி நாலு. அதத் தேச்சு, பையில போட்டுக் குடுத்துட்டேன்.

இதுல பொய்யி எங்க இருக்கு? அதுவும் அவ ஜாக்கெட்டுதான. கல்யாணத்துக்கு மூணு மாசம் கெடந்துச்சு, அதுக்குள்ள கொஞ்சம் வாயக் கட்டுனா எளச்சிரப் போறா.

இந்தா, ஒரு தையல் விட்டுருச்சு. ஒரு கைய இங்கிட்டு வச்சு இழுத்துப் புடி. பட்டு கிழிஞ்சிராமப் புடி.

பங்குனி பொறந்து நாலாம் நாளு, ஜாக்கெட்டு தச்சு வந்துருச்சு. பாத்தியா, கையெல்லாம் என்ன வேலப்பாடுன்னு. மயிலு, மாங்கா, முத்து. தங்கக் கலரு நூலு. புள்ள அம்புட்டு ஆசையாக் கைய விட்டா. முழங்கைக்கு மேல ஏறல. அழுதா. "அப்பத்தா, யாரு இந்த அளவக் குடுத்தது"ன்னா. நான்தான்னு சொன்னேன், நான் ஒண்ணும் மறைக்கல. இந்திராணி அப்பவே ஆரம்பிச்சா. "அத்தே, டெய்லர்ட்ட குடுத்துப் பிரிச்சு விட்டுரலாம், இல்லன்னா அவுகளுக்கே போன் பண்ணிச் சொல்லிரலாம்"ன்னா. முகூர்த்தத் துணிய ஒரு தடவ கூட உடுத்தாம யாராவது பிரிப்பாகளா? பிரிச்ச துணிய உடுத்தித் தாலி கட்டுனா வெளங்குமா? "ஜாக்கெட்டப் பிரிச்சா நான் கல்யாணத்துக்கே வரல"ன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல எம் மகன் பேச மாட்டான்.

அன்னைக்கு ராவே கோவில்பட்டியில இருந்து போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்கிறதால சத்தமா வச்சுத்தான் பேசுவேன், வீடே கேக்கும். அந்தப் பொம்பள, "அளவு எப்படி இருக்குங்க, கையெல்லாம் ஏறுதா?"ன்னா. பாத்தியா கேள்விய. கைய எதுக்குக் கேக்கணும்? நான், "கச்சிதமா இருக்கு, அப்படியே அச்சுல வாத்த மாதிரி இருக்கு"ன்னேன். "சிரமமா இருந்தா சொல்லுங்கம்மா, உள்ள"ன்னு என்னமோ இழுத்தா. அவள எதுக்குப் பேச விடணும்? "அதெல்லாம் ஒரு சிரமமும் இல்ல, அடுப்புல பால் பொங்குது"ன்னு வச்சுட்டேன். திரும்பிப் பாத்தா கௌசி அவ ரூம் வாசல்ல நிக்கிறா. என்னையப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

மறுநாளு நான்தான் ஜாக்கெட்ட ஹேங்கர்ல போட்டு அவ பீரோக் கைப்பிடியில மாட்டி வச்சேன். எந்திரிக்கயில கண்ணுல பட்டா ஒரு ஞாபகம் இருக்கும்ல.

அதுக்கப்புறம் பாரு தாயி, அவ நடத்தையே மாறிப் போச்சு. ரூமுக் கதவச் சாத்திக்கிறது. சாப்பாட்டு நேரத்துல போனக் கையில வச்சுக்கிட்டு மாடிக்குப் போயிர்றது. கேட்டா, "ஆபீஸ்ல சாப்புட்டேன் அப்பத்தா." தட்டுல சோறு போட்டா அளைஞ்சுக்கிட்டே இருக்கது, நான் அங்கிட்டுத் திரும்புனா தட்டு காலி. பின்பக்கம் நாய்க்கிப் போடுறா. அந்த நாயி ரெண்டு மாசத்துல எப்படிப் பெருத்துருச்சுன்னு நீ பாக்கணும், நடக்க மாட்டாம நடக்கும். எனக்கு வேற மாதிரிச் சந்தேகம். வேற எவனயோ மனசுல வச்சிருக்காளோன்னு. ஒரு நாளு பாத்ரூமுல ஓங்கரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நீயும் ஒரு பொம்பள, ஒனக்குப் புரியும். கல்யாணத்துக்கு முந்தி ஓங்கரிச்சா நான் என்னன்னு நெனைக்க?

அவ வேலைக்கிப் போனதும் கைப்பையத் தொறந்து பாத்தேன். ஒரு டப்பாவுல பவுடரு, போன்ல பழகுன எவளோ ஒருத்தி அனுப்பி வச்சது. பதினஞ்சு நாளுல பத்து கிலோன்னு போட்டு, ஒரு பொம்பள பெரிய பேண்ட்டுக்குள்ள ஒத்தக் கால விட்டுக்கிட்டு நிக்கிற படம். மூணு வேளையும் தண்ணியில அதக் கரைச்சுக் குடிச்சிருக்கா, அம்புட்டுத்தான் சாப்பாடு. பையோட அடியில ஒரு மாத்திர அட்டை. அத ஒளிச்சு எடுத்துக்கிட்டு, எங்க தெரு வேணாம்னு ரெண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடைக்குப் போயி, "இது எதுக்குப் போடுறது"ன்னு கேட்டேன். அந்தாளு பாத்துட்டு, "வயித்தால போறதுக்குப் போடுறதும்மா"ன்னாரு. எனக்குப் போன உசுரு வந்துச்சு. அந்தக் கடையிலேயே நின்னு மாரியாத்தாளக் கும்புட்டேன். அட, வேற ஒண்ணும் இல்ல, மலச்சிக்கல்னு. அட்டையக் கொண்டு வந்து இருந்த எடத்துலேயே வச்சுட்டேன். ஒரு வார்த்த கேக்கல. நான் பையத் தொறந்தேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவால்ல.

சித்திர வெயிலுல ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு உக்காந்துருப்பா. "குளுருது அப்பத்தா"ம்பா. தல சீவி விட்டா சீப்பு நெறைய முடி. இந்திராணி, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம் அத்தே, எனக்குப் பயமா இருக்கு"ன்னு ரெண்டு தடவ சொன்னா. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ண ஆஸ்பத்திரி வாசல்ல எவனாவது பாத்துட்டு கோவில்பட்டிக்குப் போன் போட்டான்னா? நான்தான் வேணாம்னேன். முடிக்குக் கரிசலாங்கண்ணி எண்ணெய் காச்சிக் குடுத்தேன், நான் ஒண்ணும் சும்மா இருக்கல. தெருவுல எல்லாரும், "கௌசி எளச்சு என்ன அழகாயிட்டா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாளுக. அதுக்கும் தெனமும் மொளகா சுத்திப் போட்டேன். ஒரு நாளாவது நெடி வரணுமே. வரல. அப்பவே நான் சொன்னேன், இது சாதாரணக் கண்ணு இல்லன்னு.

இருமாத, மெதுவாப் பேசு. அந்த நர்சு இங்கிட்டே பாக்குறா. அவ ஒரு மாதிரி. நேத்து நான் ஆட்டுக்கால் சூப்பு வச்சு, ரசஞ்சோறு பெசஞ்சு எடுத்துட்டு வந்தேன். வாங்கி மூக்குல வச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. "பட்டினி கெடந்த ஒடம்பு பாட்டி, திடீர்னு வயிறு நெறையக் குடுத்தா அதுவே ஆபத்து, நாங்க அளந்து அளந்துதான் குடுப்போம்"ங்குறா. சோறு போட்டு எந்தப் புள்ளையாவது செத்துருக்கா? ஸ்பூன்ல கணக்குப் பாத்து ஊத்துறாளுக. பட்டினியாக் கெடந்ததுன்னு இவுகளே சொல்றாக, பட்டினியும் இவுகளே போடுறாக.

விழுந்தது எப்பன்னு கேக்குறியா? அதச் சொல்லணும்ல.

ஞாயித்துக்கெழம காலையில கௌசியே வந்து, "அப்பத்தா, இன்னைக்குப் போட்டுப் பாப்பமா?"ன்னா. கைய விட்டா, சர்ருனு ஏறிருச்சு. தோளு, கக்கம், எல்லாம் ஏறிருச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. முதுகுப் பக்கம் கொக்கி வச்ச ஜாக்கெட்டு, நான்தான் பின்னால நின்னு போட்டு விட்டேன். மொதக் கொக்கி. ரெண்டு. மூணு. அவ கண்ணாடியப் பாத்துக்கிட்டு, "அப்பத்தா, ஒங்களுக்கு இப்பச் சந்தோசமா?"ன்னா. "இருடி, கடேசிக் கொக்கி இருக்கு, மூச்ச இழு"ன்னேன். இழுத்தா. அப்படியே எங்கையில சரிஞ்சுட்டா. கனமே இல்ல தாயி. ஈரத் துணி நழுவுற மாதிரி நழுவுனா.

ஆட்டோவுல தூக்கிப் போட்டு எங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் போயி, அங்க இருந்து ஆம்புலன்சுல இங்கன வந்து எறங்குனோம். கீழ எமர்ஜென்சியில படுக்க வச்சதும் ஒரு நர்சு கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு வர்றா. ஜாக்கெட்ட நடுவுல வெட்டப் போறாளாம், நெஞ்சுல மிசினு வைக்கணுமாம். நான் விடுவேனா? குறுக்க விழுந்து கையப் புடிச்சுக்கிட்டேன். "அய்யய்யோ, முகூர்த்த ஜாக்கெட்டு, வெட்டாதீக, கொக்கிதான், நான் கழட்டித் தர்றேன்"னு. டாக்டரு என்னையப் பாத்துக் கத்துறாரு. எம் மகன் என்னைய இழுக்குறான். நான் புள்ளைய ஒருக்களிச்சுத் திருப்பி ஒவ்வொண்ணாக் கழட்டினேன். எம்புட்டு நேரம் ஆகிருக்கும்? ஒரு நிமிசம். கூடப் போனா ஒண்ணரை நிமிசம். கௌசிக்குக் கண்ணு பாதி தொறந்துதான் இருந்துச்சு. என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. மயக்கத்துல இருக்கவுகளுக்கு ஒண்ணும் தெரியாதும்பாக. தெரியாதுல்ல? நீ என்ன சொல்ற?

ஏன் கைய விட்டுட்ட, துணியப் புடிச்சுக்க.

நான் என்ன தப்புச் செஞ்சேன்? அவுக தச்சுக் குடுத்த ஜாக்கெட்டுதான எமனா வந்துச்சு? அது வீட்டுக்குள்ள வந்த நாளுல இருந்துதான புள்ளைக்குச் சோறு எறங்காமப் போச்சு? அதான் சொல்றேன், உள்ள என்னமோ வச்சிருக்காக. நேத்து மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருக்கயிலதான் கெட்டியாத் தட்டுப்பட்டுச்சு. கண்டுபுடிச்சு எம் மகன் கையில குடுத்துட்டா, யாரால வந்துச்சுன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும். கௌசிக்கும் தெரிஞ்சிரும்.

லைனிங் விட்டுருச்சு. நல்லா இழுத்துப் புடி. வெளிச்சத்துக்கு இங்கிட்டுத் திருப்பு.

துணி.

இரு. துணிதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. இதே பட்டுத் துணிதான், மடிச்சு மடிச்சு உள்ள விட்டுருக்காக. எம்புட்டு இருக்கு பாரு. ஒரு இஞ்சு, ரெண்டு. என் வெரலு மூணு வெரக்கடை இருக்கு. கைக்குள்ளாறயும் போகுது, கையிலயும் விட்டுருக்காக. யாரும் இம்புட்டு விட மாட்டாக தாயி, பட்டுத் துணிய இப்படி யாரு வீணாக்குவா? ஒரு தையல் இல்ல, ஓரத் தையல் போக வரிசையா மூணு தையல் ஓட்டிருக்கு. ஒண்ணப் பிரிச்சா ஒரு சைஸு கூடும். மூணையும் பிரிச்சா...

அது என்ன, ஓரத்துல சாக்குக்கட்டியில எழுதிருக்கு? என் கண்ணுக்குச் சரியாத் தெரியல. நீ படி.

நாப்பதா.

நல்லாப் பாரு. முப்பதா இருக்கும். நாலுதானா? நாலும் சைபருமா?

நான் குடுத்தது முப்பத்தி நாலு தாயி. எங்கையால தேச்சுக் குடுத்தேன். நாப்பதுன்னு இவுகளுக்கு யாரு சொன்னா? இந்திராணி சொல்லிருப்பாளோ? இல்ல, அவ சொல்லிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாளே, எதுக்குப் பிரிப்போம் பிரிப்போம்னு எங்கிட்டக் கெஞ்சப் போறா. கௌசியும் சொல்லிருக்க மாட்டா.

முதுகுல கைய வச்சா. தையில. தோள்பட்டையில இருந்து இடுப்பு வரைக்கும்.

அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் குடுத்த அளவு பொய்யின்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. பாத்தியா, எம்புட்டு அழுத்தக்காரி. தெரிஞ்சும், வெளிய முப்பத்தி நாலு மாதிரித் தச்சு, உள்ள நாப்பதுக்குத் துணிய விட்டு, நம்ம மானம் போகாம மூடி அனுப்பிருக்கா. ஒரு போன் போட்டு வாயத் தொறந்து சொல்லிருந்தா என்ன? "உள்ள துணி விட்டுருக்கு, பிரிச்சுக்கங்க"ன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்ததான, அதச் சொல்றதுக்கு என்னவாம்...

சொல்ல வந்தா.

"உள்ள"ன்னா. நான்தான் பால் பொங்குதுன்னுட்டேன். அடுப்புல பாலே இல்ல தாயி.

என்ன, இந்திராணி வந்துட்டாளா? எனக்குப் பின்னாலயா நிக்கிறா? எம்புட்டு நேரமா?

ஏ இந்திராணி. அப்படிப் பாக்காதடி. ஆமா, பிரிச்சுட்டேன். நான்தான் பிரிச்சேன். காப்பிய அங்கிட்டு வச்சுட்டு இங்க தொட்டுப் பாரு. மூணு தையல் இருக்கு பாரு. நீ அன்னைக்குச் சொன்னேல்ல, டெய்லர்ட்ட குடுப்போம்னு. இதுல டெய்லரே வேணாம். ஒரு ஊக்கு போதும்.

மணி என்ன ஆச்சு? நாலாகப் போகுதா? நீயே போ. நீயே போயிட்டு வா, நான் இன்னைக்கு வரணும்னு கேக்கல. உள்ள போயி ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பத்தா ஜாக்கெட்டப் பிரிச்சுட்டாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அது என்ன சொல்லுதுன்னு மட்டும் வந்து சொல்லு. ஒண்ணும் சொல்லலைன்னா, ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு. கூட்டிக் கொறச்சுச் சொல்லிராத.

போறா பாரு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறா. என்னத்தச் சொல்லப் போறாளோ.

சொல்லிருவாளா தாயி? நான் சொன்ன மாதிரியே சொல்லிருவால்ல?

இந்தா, நீ புடி. இந்தப் பக்கத்துல இன்னும் ரெண்டு தையல் கெடக்கு, அந்தப் பக்கம் முழுசும் கெடக்கு. இந்த ஏசி காத்து பட்டுப் பட்டு எனக்குக் கண்ணுல தண்ணியா வருது, நூலு தெரிய மாட்டேங்குது. ஊக்க நீயே வச்சுக்க. அவ வெளிய வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சிரு.